தோல்வியும் திருத்தமும்: ஐக்கிய தேசியக் கட்சி பற்றிய ஓர் ஆய்வு

ஆட்சியிழந்த கட்சியொன்று தன்னைத் தானே திருத்திக்கொள்ளுமாறு யாது என ஆராய்வார்க்கு, இலங்கையில் ஐக்கிய தேசியக் கட்சியின் வரலாற்றினும் பொருத்தமான சான்று பிறிதொன்றில்லை. 1946இல் தோன்றிய அக்கட்சி 1956இலும் 1970இலும் பெருந்தோல்வி எய்தியது. 1994இல் 17 ஆண்டு நீடித்த ஆட்சியை இழந்தது. இம்மூன்று வேளைகளிலும் அது மேற்கொண்ட வழிகள் வெவ்வேறானவை.

1956 தேர்தலை முன்னிட்டுக் களனியிற் கூடிய மாநாட்டில், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனக் கட்சி தீர்மானித்தது. இதனைத் திருத்தம் என்பது பொருந்தாது. மாற்றானின் ஆடையைக் கடன் வாங்கி உடுத்ததேயாம். தெரிவுக்குரிய 95 ஆசனங்களுள் 8 மட்டுமே அதற்குக் கிடைத்தன. அதன் பின்னரும் பாடம் கற்றதாகத் தோன்றவில்லை. பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தத்தை எதிர்த்து 1957 ஒக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்த்தனா கண்டிக்கு யாத்திரை புறப்பட்டார். இம்புல்கொடையில் அது தடைப்பட்டது. கண்டி வந்து சேராத அந்த யாத்திரை, எதிர்க்கட்சியொன்று செய்யத்தகாதது எது என்பதற்கு நல்ல உதாரணமாகும்.

1970இல் கட்சிக்குக் கிடைத்தவை 17 ஆசனங்கள். டட்லி சேனநாயக்கா 1973 ஏப்ரலில் மறைய, அவரோடு கருத்து மாறுபட்டு நின்ற ஜயவர்த்தனா தலைவரானார். சில பெருங்குடும்பங்களின் கழகம் போன்றிருந்த கட்சியைக் கிராமக் கிளைகள் வழியே பொதுமக்கட்கு அவர் திறந்துவிட்டார். பிரபுக் குலத்திற் பிறவாத ஆர். பிரேமதாசா முன்வரிசைக்கு வந்தார். 1977இல் 168 ஆசனங்களுள் 140 கைக்கெட்டின. இவ்வளவும் பாராட்டற்குரியனவே. ஆயினும் கட்சியின் கதவு அகன்றதே தவிர, உள்ளிருந்து மறுத்துப் பேசும் வாய் அகலவில்லை. 1978 யாப்பின்படி கட்சியினின்று நீக்கப்பட்டவர் பாராளுமன்ற ஆசனத்தையும் இழப்பர். 1982இல் உறுப்பினரிடம் திகதியிடாத விலகற் கடிதங்கள் பெறப்பட்டன. 1991இல் பிரேமதாசாவை எதிர்த்த லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்காவும் அவ்விதியாலேயே ஆசனம் இழந்தனர். இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ள அரசர்க்குக் கூறினர் வள்ளுவர். கட்சித் தலைவர்க்கு அது வேண்டாதது போலும்!

கலஹாவிலிருந்து நோக்குவார்க்கு இவ்வரலாறு மற்றொரு வகையிற் புலப்படும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைக்கு அணித்தேயுள்ள இம்மலைகளின் தொழிலாளர், அக்கட்சியின் ஆட்சியில் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர்; வாக்குரிமையும் அவர் கைவிட்டுப் போயிற்று. எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை 1988இல் நிறைவேற்றியதும் அதே கட்சியே. இடையில் அமைந்தவை நாற்பது ஆண்டுகள். அம்மாற்றம் கட்சிக்குள் எழுந்த தன்னாய்வின் பயனன்று. 1978 முதல் அமைச்சராயிருந்த தொண்டமான் தொழிற்சங்க வலிமையோடு வெளியினின்று நடத்திய பேரத்தின் பயன் என்பதே பொருந்தும். கொழுந்து பறிப்பாரின் குறை கட்சியின் செயற்குழுவில் அதற்குரியவராலேயே பேசப்பட்டிருப்பின், அத்துணைக் காலம் கழிந்திராது.

1994இன் பின் ரணில் விக்கிரமசிங்க தலைமையேற்றார். தேர்தல் பல தோற்றபோதும் தலைமை மாறவில்லை. திருத்தம் கோரியோர் உள்ளிருந்து வெல்ல வழியின்றி வெளியேறினர். சஜித் பிரேமதாசாவுடன் சென்றோர் 2020இல் ஐக்கிய மக்கள் சக்தியாய் 54 ஆசனங்கள் பெற்றனர். தாய்க்கட்சிக்குக் கிடைத்தது தேசியப் பட்டியலில் ஒன்றே. அவ்வோர் ஆசனமும் ஏறத்தாழப் பத்துத் திங்கள் வாளா கிடந்தது. 2021 ஜூனில் தலைவரே அதில் அமர்ந்தார்.