நிழல் விழும் நளன்

தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளன்கள் நிற்கிறார்கள். நால்வர் இந்திரன், அக்னி, வருணன், யமன். அவள் மனமுருகி வேண்ட, தேவர்கள் தம் அடையாளங்களைக் காட்டுகிறார்கள்: வியர்க்காத மேனி, இமைக்காத கண், வாடாத மாலை, தரை தொடாத பாதம். மாலை வாடி, தூசும் வியர்வையும் படிந்து, மண்ணில் நிழல் விழ நிற்பவனுக்கே அவள் மாலையிடுகிறாள். இளையோருக்கு இதிகாசக் காதலைச் சொல்லும் கலைக்கு இலக்கணம் இந்தக் காட்சிதான். வியர்வையைத் துடைத்துவிட்டால் நளன் காணாமல் போவான். கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் துபாயிலும் ஷார்ஜாவிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இதை விளக்க உரையாசிரியர் வேண்டாம்.

ஆனால் கதையைச் சுருக்குபவருக்கு முதலில் கைவைக்கத் தோன்றும் இடமும் இந்த மனிதத்தன்மைதான். அன்னத் தூதையும் சுயம்வரத்தையும் விரித்துவிட்டு, ஆடையைப் பாதியாக அறுத்துக்கொண்டு உறங்கும் மனைவியைக் காட்டில் விட்டுப் போகும் நளனை ஒரே வரியில் கடந்துவிடலாம். வியாச பாரதம் அப்படிச் செய்யவில்லை. வனபர்வத்தில் இந்தக் கதையைப் பிருகதசுவ முனிவர் சொல்வது, நளனைப் போலவே சூதில் எல்லாம் இழந்து நொந்திருக்கும் தருமனுக்கு. தோல்வியையும் பிழையையும் நீக்கியிருந்தால் அவனுக்கு அதில் என்ன ஆறுதல்? கேட்பவரின் காயம் அறிந்து சொல்வதே மறுகூறலின் கலை. தாத்தா பாட்டி ஊரிலும், சில வீடுகளில் அம்மா அங்கும் அப்பா இங்குமாக வாழும் வளைகுடாப் பிள்ளைகளுக்குப் பிரிவு புதிதல்ல. உருமாறிப்போன கணவனைத் தமயந்தி சமையலின் ருசியாலும், பிள்ளைகளைக் கண்டதும் அவன் விடும் கண்ணீராலும் அடையாளம் காணும் பகுதி அவர்களுக்காகவே எழுதியது போலிருக்கிறது.

சிறுவருக்குக் காதல் எதற்கு என்று தயங்கும் பெற்றோரின் கவலை நியாயமானது. உடல் வருணனையைக் குறைக்கலாம், கதை நலியாது. காதல் இங்கே முதலில் தேர்வு, பிறகு அதற்குப் பொறுப்பேற்பது. ஓராண்டில் இறப்பான் என்று நாரதர் எச்சரித்த பிறகும் சத்தியவானையே வரிக்கிறாள் சாவித்திரி. இவை பெண்ணுக்குப் பொறுமையை மட்டும் போதிக்கும் கதைகள் என்பது அடுத்த எதிர்ப்பு. சாவித்திரி யமனையே பேச்சால் வெல்கிறாள். தமயந்தி பொய்ச் சுயம்வரம் அறிவித்து நளனை வரவழைக்கிறாள். பழங்கதையை மாற்றவே கூடாதா என்றால், மாற்றலாம். பஞ்சதந்திரத்தின் வழிவந்த நரிக்கதையை 8ஆம் நூற்றாண்டில் அரபியில் தந்த இப்னு அல் முகஃபா, சூழ்ச்சிக்கார நரி திம்னாவை விசாரணைக் கூண்டில் நிறுத்தும் ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தார். குற்றத்தை மறைக்கவில்லை, அதற்குக் கணக்குக் கேட்டார். தமயந்தியும் பாகுகன் என்ற பெயரில் உருமாறி நிற்கும் நளனிடம், உறங்கும் மனைவியைக் காட்டில் கைவிட்ட அறவான் எவனையாவது கண்டதுண்டா என்று கேட்கிறாள். 2009 முதல் ஷார்ஜாவில் நடந்துவரும் சிறுவர் வாசிப்புத் திருவிழாவிலோ ஊர்க் கடையிலோ நளன் கதையை எடுக்கும் பெற்றோர் அந்தக் கேள்வியைத் தேடிப் பார்க்கட்டும். அது இருக்கும் புத்தகத்தை நம்பிப் பிள்ளையிடம் கொடுக்கலாம்.