மழைத் தீவில் ஒரு சலவை இயந்திரம்

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கொட்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. கொடியில் போட்ட லுங்கி மறுநாளும் ஈரவாடை அடிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், கோடையில் தனிகாரி அணை வற்றினால் குழாய்த் தண்ணீருக்கு முறை வைப்பார்கள். முன்பக்கக் கதவுள்ள ஃப்ரண்ட் லோட் சலவை இயந்திரத்தின் அருமை அப்போது தெரியும். தொட்டி நிறையத் தண்ணீர் கேட்காது. அடியில் கொஞ்சம் தேங்கினால் போதும், உருளை துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டே அழுக்கெடுத்துவிடும். நிமிடத்துக்கு 1,200 சுற்று வேகத்தில் பிழிந்தால் டிரையருக்குப் பாதி வேலை மிச்சம்.

டிரையரில் ஹீட் பம்ப் வகைதான் கெட்டிக்காரத்தனம். விலை கூடுதல், ஆனால் சூட்டை வெளியே விடாமல் சுழற்றிப் பயன்படுத்தும். பெரும்பாலும் டீசலில் மின்சாரம் எடுக்கும் தீவுக்கு அது பொருத்தம்.

துவைத்ததும் கதவின் ரப்பர் வளையத்தைத் துடைத்துத் திறந்து வைக்க வேண்டும். இந்த ஈரக்காற்றில் பூஞ்சைக்கு அழைப்பே தேவையில்லை.