கண்ணுக்குக் கொடுக்கும் விலை

கிங்ஸ்பரியில் ரோ கிரீன் பூங்காவுக்குக் காலைநடை போகிறவர்கள், பழைய மாளிகையின் பக்கத்தில் புல்லுக்குமேல் தலைநீட்டி நிற்கும் கான்கிரீட் அடித்தளங்களைக் கவனியாமலே கடந்துவிடுவது வழக்கம். 1929-இல் பெர்லினிலிருந்து ஆகாய மார்க்கமாக வந்த தொலைக்காட்சிச் சித்திரத்தை ஜான் லோகி பேர்டு இங்கே வாங்கிக் காட்டியபோது அவருடைய கம்பங்களைத் தாங்கியவை அவைதாம். அந்தச் சித்திரம் 30 வரிகளால் ஆனது; வரிகள் கூடக்கூடத்தான் படத்தில் விவரம் கூடும். பழைய ராக் கச்சேரிகளின் ஒளித்தட்டுகளைக் கிரயத்துக்கு வாங்க முற்படும் ரசிகர், அட்டையில் பளபளக்கும் ஆண்டுவிழா முத்திரையை விட்டு, இந்த வரிக்கணக்கையே முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் கட்சி.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம்மூரை அடுத்த வெம்பிளி மைதானத்தில் 1986 ஜூலை 11, 12 தேதிகளில் குயீன் குழுவினர் நடத்திய கச்சேரிகளில் சனிக்கிழமையதை, தொலைக்காட்சிக்காக வீடியோ நாடாவில், அதாவது 625 வரிகளில் பதிவு செய்தார்கள். அது 1990-இல் சுமார் 75 நிமிடக் கேசட்டாக, பல பாட்டுகளை இழந்து வந்தது. 2003-இல் முழுக் கச்சேரியாக டி.வி.டி.யில் வந்தது; 2011-இல், வெள்ளிக்கிழமைக் கச்சேரியையும் இணைத்துக்கொண்டு மறுபடி வந்தது. ஒரே மாப்பிள்ளைக்கு மூன்றுமுறை சீர் செய்த கதைதான். இவற்றுள் 2003-ஆம் வருஷத்துப் பதிப்பே நியாயமான சரக்கு. ஏனெனில், பிரெடி மெர்குரி ஒரு ஸ்வரத்தை எறிய, எழுபதினாயிரம் கண்டங்கள் அதைத் திருப்பி எறியும் அந்த வேடிக்கை, ஏறத்தாழ இரண்டு மணி நேரக் கச்சேரியை வெட்டாமல் முழுதாகப் பார்க்கும்போதுதான் அதன் முழு ஆகிருதியைப் பெறுகிறது. ஆனால் இதற்குமேல் எத்தனை உயர்ந்த தட்டில் அச்சிட்டாலும் படத்தில் புது விவரம் எதுவும் பிறவாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அதே மைதானத்தில் 1990 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் வாசித்ததை, டூரினிலும் பெர்லினிலும் வாசித்தவற்றோடு சேர்த்து, ஐமாக்ஸ் என்னும் மாபெரும் பிலிமில் எடுத்தார்கள். 1991-இல் திரைக்கு வந்த ‘லைவ் அட் தி மாக்ஸ்’ அது. பிலிமில் ஒளிந்திருக்கும் நுட்பத்துக்கு வரிக்கணக்கு இல்லை. ஆகவே புளூ-ரேக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இங்கே உண்மையிலேயே கண்ணுக்குப் போய்ச் சேருகிறது. கிங்ஸ்பரியில் வளர்ந்து, இங்கே டைலர்ஸ் கிராஃப்ட் பள்ளியில் படித்த, ஸ்டோன்ஸின் டிரம்மர் சார்லி வாட்ஸின் கைகளை அதில் பாருங்கள். நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதும் நான்காவதும் வரும்போது, ஹை-ஹாட் என்னும் ஜோடித் தாளத்தைத் தட்டிக்கொண்டிருக்கும் வலக்கை ஒரு கணம் எழுந்து விலகிக்கொள்ள, ஜாஸ் வாத்தியக்காரர்களைப் போல் உள்ளங்கையை மேல்நோக்கிப் பிடித்த இடக்கைக் குச்சி தனியாக ஸ்நேர் என்னும் முரசின்மீது விழுகிறது. மற்ற டிரம்மர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒருங்கே அடிக்கும் இடத்தில் இவர் மௌனத்தை வைக்கிறார். அந்தக் குழுவின் நடையில் நாம் உணரும் தளர்ச்சியும் இழுப்பும் அங்கேயிருந்து கிளம்புகின்றன. இசைத்தட்டில் இது செவிக்கு ஒருவகை இதமாக மட்டுமே எட்டும். மிருதங்க வித்வானின் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத்தான் தொப்பியின் ரகசியம் புரிவதுபோல், கண் சாட்சி சொன்னால்தான் காரணம் விளங்கும்.

இருந்தும் அந்தப் படத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மூன்று நகரங்களின் இரவுகளை வெட்டி ஒட்டி ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்கியதால், ஒரு மாலையின் களைப்பும் மீட்சியும் அதில் இல்லை. ஆட்டத்தின் முக்கியக் கட்டங்களை மட்டும் தொகுத்துக் காட்டும் கிரிக்கெட் நிகழ்ச்சி போல, ஒவ்வொரு பந்தும் பௌண்டரியாகவே போகிறது. வாட்ஸின் கைக்காகவே அதைப் புதிதாக, முழு விலை கொடுத்து வாங்கினேன்.

குயீனின் 2011 பதிப்பைக் கிங்ஸ்பரி ரோட்டில் ஒரு சாரிட்டி கடையில், ஒரு வேளை காப்பிச் செலவுக்கு, கீறல் விழுந்த உறையோடு எடுத்தேன். வெள்ளிக்கிழமைத் தட்டை இதுவரை ஒருமுறைதான் போட்டிருக்கிறேன்.