சேப்பாக்கத்தின் உப்புக் கணக்கு

1986 செப்டம்பர், சேப்பாக்கம், இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 330 பந்துகளில் எடுத்த 210 ரன்னை வீரம் என்றே இன்றும் பேசுகிறோம். களத்திலேயே வாந்தி, கைகால் இழுப்பு. போதும், போகிறேன் என்றவரிடம், ‘கெட்டியான குவீன்ஸ்லாந்துக்காரர் ஒருவரை இறக்கிக்கொள்கிறேன்’ என்கிற ரீதியில் கேப்டன் ஆலன் பார்டர் சீண்ட, மனிதர் ரோஷத்தில் நின்று ஆடினார். அவுட்டானதும் ஆஸ்பத்திரி, டிரிப்ஸ். அந்த பாட்டிலில் ஏறியது சலைன். அதாவது, உப்புத் தண்ணீர்.

வெயிலில் ஓடுகிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போவது சாதாரணம். லிட்டருக்கு அரை கிராம் முதல் 2 கிராம் வரை சோடியம் கூடவே போகும். ஆளுக்கு ஆள் மாறும். மேட்ச் முடிந்து கறுப்புத் தொப்பியைக் காயவைத்தால் விளிம்பில் வெள்ளைக் கோடு படிகிறதா? நீங்கள் உப்பை அதிகம் இழக்கிற ரகம். அதே டெஸ்ட்டின் கடைசி நாளில் ஆஸ்திரேலியாவின் கிரெக் மாத்யூஸ் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு 5 விக்கெட் எடுத்தார். அது எந்த ரகமோ!

வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். பழகிய உடம்பின் வியர்வைச் சுரப்பிகள் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்போர்ன்காரரான ஜோன்ஸுக்கு மெட்ராஸ் அப்படிச் சட்டென்று வசப்படாது.

நம் மைதானங்களில் நடக்கும் தப்பு வேறு. பிரேக்கில் இளநீர், மற்ற நேரமெல்லாம் வெறும் தண்ணீர். இளநீரில் பொட்டாசியம் ஏராளம். ஆனால் வியர்வையில் அதிகம் போவது சோடியம், இளநீரில் அது குறைவு. வெறும் தண்ணீரையே மணிக்கணக்கில் குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும். தாகம்தான் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். அங்கேதான் ஆபத்து. இழுப்புக்கு உப்பை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன், களைத்த தசையும் இழுக்கும். ஆனால் உப்பை மறந்த உடம்பு சீக்கிரம் களைக்கும்.

உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்ந்தால் குடல் தண்ணீரை வேகமாக உறிஞ்சும். ஓஆர்எஸ் பொட்டலத்தின் சூட்சுமம் அவ்வளவுதான். உப்புப் போட்ட நீர்மோர், நார்த்தங்காய் ஊறுகாயோடு தயிர்சாதம் என்று நம் வீட்டிலேயே பாதி மருந்து இருக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை லீக் ஆடும் தம்பிகளே, மேட்ச்சுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்தது போக இன்னும் ஒரு லிட்டர் பாக்கி. அதை மோராகவே அடைத்துவிடுங்கள், உப்புப் போட்டு.