சொட்டுத் தண்ணீரில் வெளுக்கும் பச்சை

அப்சிந்த் என்ற பச்சை மதுவில் பாதி ருசி, தண்ணீர் ஊற்றும் விதத்தில் இருக்கிறது.

சுவிஸ் எல்லையை ஒட்டிய பொந்தர்லியே என்ற பிரெஞ்சு ஊரில் 1805இல் இதை வடிக்கும் பெர்னோ வடிசாலை தொடங்கியது. மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு கசப்புச் செடி, அனீஸ் விதை, பெருஞ்சீரகம் இவற்றைச் சாராயத்தில் ஊறவைத்து வடிப்பார்கள். வடித்தது நிறமற்றது. அதில் மறுபடி மூலிகை இலைகளை ஊறப்போட்டால்தான் பச்சை ஏறும்.

கண்ணாடிக் கோப்பையில் முப்பது மில்லி போதும். மேலே துளையிட்ட தட்டைக் கரண்டி, அதன்மேல் ஒரு சர்க்கரைக் கட்டி. ஐஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். சர்க்கரை நனைந்து, சரிந்து, கரைந்து இறங்கும். பச்சைக்குள் வெண்புகை போல ஒரு கலங்கல் சுருண்டு பரவும். அனீஸ் எண்ணெய் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது, வித்தை அவ்வளவுதான். ஒரு பங்குக்கு மூன்று முதல் ஐந்து பங்கு தண்ணீர். சர்க்கரையைக் கொளுத்துவது 1990களில் செக் நாட்டு பார்களில் கிளம்பிய கூத்து. பார்க்க ஜோர், வாசனைக்குக் கேடு.

பைத்தியம் பிடிக்கும் என்று பழிசுமத்தி 1915இல் பிரான்ஸ் அப்சிந்த்தைத் தடைசெய்தது. பிற்பாடு பழைய புட்டிகளைச் சோதித்ததில், பழி சுமந்த துஜோன் என்ற, அந்தக் கசப்புச் செடியின் வேதிப்பொருள் சொற்பமாகவே இருந்தது. வினை, எழுபது சதவீதம் வரை போகும் ஆல்கஹாலில்தான். அந்தத் தடைச்சட்டம் 2011இல் ரத்தானது. குடிக்கிறவர்கள் தண்ணீர் கலக்காமல் மட்டும் தொடவேண்டாம்.