மனம்பிட்டியில் அளந்த வெள்ளம்

மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, மனம்பிட்டியைக் கடந்து கீழிறங்கியதும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூதூர்ப் பக்கமாகக் கொட்டியாரக் குடாவுக்குப் போகிறது. மற்றது வெருகலாறு என்ற பெயரோடு, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் எல்லையாக நின்று, வெருகல் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. கொத்மலை, விக்டோரியா, றந்தெனிகலை, றந்தம்பை என்று வழிநெடுக அணைகளும், அம்பன்கங்கையில் மொறகஹகந்தையும் கட்டப்பட்டுவிட்டன. ஆகவே வெருகலுக்கு வரும் வெள்ளம் திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. வழியெல்லாம் அளக்கப்பட்டும், வான்கதவுகளில் தேக்கித் திறக்கப்பட்டுமே வருகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளமும் அப்படித்தான் வந்தது. மனம்பிட்டியில் நீர்மட்டம் பெருவெள்ள அளவைத் தாண்டியது பதிவானது, அறிவித்தலும் வெளியானது. ஆனாலும் நவம்பர் 30ஆம் திகதி, சேருவில, மூதூர் வயல்களுக்கு நீர் தரும் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. வெருகல், மூதூர், சேருவில தாழ்நிலங்களை நீர் மூடியது. சிக்கியவர்களைப் படையினர் படகிலும் ஹெலிகொப்டரிலும் மீட்டார்கள். அளவு சரியாக இருந்தும் ஊர் ஏன் சிக்கியது? பொதுச் சேவைகளைக் கருவிகளாலும் தரவாலும் நடத்தும் இன்றைய முறையை எடைபோட இந்தக் கேள்வியை விடப் பொருத்தமான இடம் கிழக்கில் வேறு இருக்காது.

முறையின் நன்மையை முதலில் முழுதாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆற்றோரம் நட்ட சீமெந்துத் தூணில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட அளவுகோல், அதைக் குறித்த மணிக்குப் பார்த்து எழுதும் ஊழியர், அந்த எண்ணை வாங்கித் தொகுக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீரியல் பிரிவு, எச்சரிக்கை மட்டம், சிறுவெள்ள மட்டம், பெருவெள்ள மட்டம் என்று அதைப் பிரித்துக் காட்டும் அட்டவணை: இந்தச் சங்கிலி இல்லாவிட்டால் கண்டியில் பெய்த மழை வெருகலுக்குத் தெரிய, வெள்ளமே வந்து சேர வேண்டியிருக்கும். முன்பு ஆற்றைக் கடக்கப் ‘பாதை’ எனப்படும் மிதவை ஓடிய காலத்தில், நீரின் நிறத்தையும் மிதந்துவரும் செடிகளையும் மரங்களையும் பார்த்தே வெள்ளத்தைக் கணித்தார்கள். அந்த அறிவு பெரிதுதான். ஆனால் அது தருகிற அவகாசம் சில நாழிகைதான். மனம்பிட்டி எண் தருவதோ ஒரு குடும்பம் நெல்மூட்டையை உயர்த்தி வைக்கவும், மாட்டை மேட்டுக்கு ஓட்டவும், கிழவரையும் கர்ப்பிணியையும் வெளியேற்றவும் போதிய நேரம். சுனாமிக்குப் பின் 2005இல் வந்த 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், அதன்வழி அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையமும், 117 என்ற அவசர இலக்கமும் இந்த அவகாசத்தை மக்களிடம் சேர்க்கவே உருவாயின. ‘கருவியால் ஒன்றும் ஆகாது’ என்று கைவிரிப்பவர்களோடு என்னால் உடன்பட முடியாது.

குறை தொடங்குவது எண் ஊரை நோக்கி இறங்கும் இடத்தில். மனம்பிட்டி அளவுகோல், ஆறு பிரிவதற்கு மேலே இருக்கிறது. பிரிந்த பின் எந்தக் கிளையில் எவ்வளவு போகும், உள்ளூர் மழை எவ்வளவு சேரும், கடல் கொந்தளித்து முகத்துவாரத்தில் நீர் வடியாமல் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. அறிவித்தலிலோ பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்கள் வரிசையாக வரும், தாழ்நில மக்கள் அவதானமாக இருக்க வேண்டும் என்று முடியும். வட்டவனில் இருப்பவருக்கும் பூநகரில் இருப்பவருக்கும் கருக்காமுனையில் இருப்பவருக்கும் அது ஒரே வாக்கியம். மனம்பிட்டியில் இத்தனை மீற்றர் என்றால் எங்கள் வீதியில் முழங்காலா, இடுப்பா, எத்தனை மணிக்கு வரும், எந்த வழி கடைசிவரை திறந்திருக்கும்? இவற்றுக்குப் பதில் இல்லாத அறிவித்தலைப் படித்தவர் வீட்டிலேயே இருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. போன மாரியிலும் இதே வாக்கியம்தான் வந்தது, முற்றம் நனையவில்லை. டித்வா நாட்களில் தமிழில் அறிவித்தல் பிந்தி வந்தது, சில வேளை வரவே இல்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கரைகளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. தொலைத்தொடர்பும் பல இடங்களில் அறுந்தது. திரையில் சிவப்பாக ஒளிரும் வரைபடத்தைப் பார்க்கிறவர் கொழும்பில் இருந்தார். பார்க்க வேண்டியவரின் கையில் மின்னேற்றம் தீர்ந்த கைபேசி இருந்தது.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. நம் முறை நீரை அளக்கிறது, மண்ணை அளப்பதில்லை. ஆற்றின் மட்டம் நாளுக்குப் பலமுறை பதிவாகிறது. அந்த நீரைத் தாங்க வேண்டிய கட்டின் நிலை எந்தத் திரையிலும் தெரிவதில்லை. மண்கட்டு ஒரே நாளில் பலவீனமாவதில்லை. கரையான் புற்று உள்ளே குடைகிறது, மாடு ஏறியிறங்கும் தடத்தில் முகடு தாழ்கிறது, வேரூன்றிய மரம் பட்டுப்போக அந்த வேர் இருந்த வழியே நீர் கசியத் தொடங்குகிறது. வெளிச்சரிவின் அடியில் கோடையிலும் காயாத ஈரப்பொட்டு ஒன்று தெரிந்தால் கட்டு அறிந்தவர் நின்று பார்ப்பார். கசிவு தெளிவாக வருகிறதா, மண்ணோடு கலங்கி வருகிறதா என்பதே அவருக்கு அளவுகோல். கலங்கி வந்தால் கட்டு உள்ளே கரைகிறது. இதைக் காண விலையுயர்ந்த உணர்கருவி தேவையில்லை. மாதம் இருமுறை கட்டில் நடக்கும் இரண்டு கால்களும், கண்டதை எழுத ஒரு கொப்பியும், எழுதியதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அதிகாரியும் போதும். ஆனால் திட்டங்களின் பணம் அளவிடும் கருவிக்கும் மென்பொருளுக்கும் எளிதில் கிடைக்கிறது, பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை. வாங்கிய பொருளைப் படமெடுத்து அறிக்கையில் சேர்க்கலாம். உடையாத கட்டை யாரும் படமெடுப்பதில்லை. வெருகலாற்றுப் பாலத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ‘பாதை’ போய்ப் பாலம் வந்தது தொழில்நுட்பத்தின் அசல் கொடை. பாலத்தில் ஒரு விரிசல் கண்டால் எந்தத் திணைக்களத்தின் கதவைத் தட்டுவது என்று எல்லாருக்கும் தெரியும். வாய்க்காலும் கிளைக்கட்டும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கா, கமநல சேவைக்கா, பிரதேச சபைக்கா என்று கேட்டால் பதில் கேட்கிறவரைப் பொறுத்து மாறும்.

மாவிலாறு என்ற பெயரை நாடு முழுதும் அறிந்ததே ஒரு மதகுக் கதவினால்தான். 2006 ஜூலையில் விடுதலைப் புலிகள் அதை மூடியபோது, சேருவில, மூதூர், ஈச்சிலம்பற்று வயல்கள் காய்ந்தன. கதவைத் திறக்கும் சண்டையே நான்காம் ஈழப்போரின் தொடக்கமானது. ஈச்சிலம்பற்று மக்கள் இடம்பெயர்ந்து, பின்னர் மீளக் குடியமர்ந்தார்கள். அந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பக்கத்தில் நீர் எப்போதும் மேலே யாரோ ஒருவரின் கையில் இருந்திருக்கிறது. கீழே இருப்பவர் திறப்பதையும் மூடுவதையும் கேட்டறிபவராகவே இருந்தார். கணினி வந்தபின் அந்த உறவு மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. தகவல் கீழ்நோக்கி மட்டுமே ஓடுகிறது. கட்டில் ஈரப்பொட்டு கண்ட விவசாயி அதே திரையில் ஒரு புள்ளி வைக்க வழியில்லை. ஆனால் கிழக்கு வயல்களில் இதற்கு ஏற்கெனவே ஆள் உண்டு. ஒவ்வொரு வட்டைக்கும், அதாவது வயற்பரப்புக்கும், வட்டை விதானை என்றொரு பொறுப்பாளர் இருக்கிறார். போகம் தொடங்குமுன் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் எந்தத் திகதியில் நீர் திறப்பது, எந்த வாய்க்காலை யார் துப்புரவாக்குவது என்று தீர்மானித்து எழுதுகிறார்கள். நீரை நிர்வகிப்பதில் நமக்குப் பழகிய முகாமைத்துவம் இதுதான். புதிய கருவிகள் இந்தக் கூட்டத்தோடு பிணைக்கப்பட வேண்டும் என்பதே என் வாதம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. டித்வா வழக்கத்தை மீறிய மழை, நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது, எந்தக் கட்டும் எந்தக் கூட்டமும் அதைத் தடுத்திராது என்பார்கள். கட்டு தப்பியிருக்காது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் கட்டு உடைவதும் ஆட்கள் அங்கே சிக்குவதும் இரண்டு வேறு தோல்விகள். இரண்டாவதற்கு மழையைக் காரணம் சொல்ல முடியாது. வங்காளதேசத்தைப் பாருங்கள். 1970இன் போலா புயலில் அங்கே மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புயல் வருவது வானிலை ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது, தீவுகளில் இருந்தவர்களுக்கு அது சேரவில்லை. அதன்பின் அவர்கள் செய்மதியோடு நிற்காமல், ஊர் ஊராகத் தொண்டர்களைப் பழக்கினார்கள். ஒலிபெருக்கியும் கொடியும் கொண்டு வீடுவீடாகச் செல்லும் அவர்கள் இன்று எழுபதினாயிரத்துக்கு மேல். 2020இல் அம்பான் புயலுக்கு முன் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோரை வெளியேற்ற அந்த நாட்டால் முடிந்தது. அவர்கள் நம்மைவிடப் பணக்காரர்கள் இல்லை. இன்னொரு மறுப்பு எனக்குக் கனமானது. வட்டை விதானை பதவி பெரிய காணிக்காரர் கையில் சிக்கலாம், குத்தகைக்குச் செய்பவரும் காணியற்ற கூலியாளும் ஆரம்பக் கூட்டத்தில் பேசுவதே அரிது, பெண்களின் குரல் அதைவிட அரிது. இது உண்மை. ஆகவே எச்சரிக்கைப் பொறுப்பை ஒருவரிடம் கொடுக்காமல், கிராம உத்தியோகத்தர், மாதர் சங்கம், மீனவர் சங்கம் என்று பலரிடம் பகிர வேண்டியிருக்கும். எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்ற விபரம் கிராம உத்தியோகத்தரிடம் ஏற்கெனவே உண்டு. அதை வெள்ள மட்டத்தோடு சேர்த்துப் பார்க்கும் ஒரு பட்டியல்தான் இல்லை.

செலவைப் பற்றியும் சொல்வார்கள். வெருகலில் செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதிக்குச் செலவு சொற்பம். ஆறு பிரிந்தபின் வெருகலாற்றில் ஓர் அளவுகோல் நட்டு, அதன் எண்ணை மனம்பிட்டி எண்ணோடு சேர்த்துத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் வெளியிடலாம். 2025 வெள்ளம் நின்ற உயரத்தை, சுவரில் சேற்றுக்கோடு மறையுமுன், பாடசாலை, கோயில், கூட்டுறவுக் கடைச் சுவர்களில் வர்ணத்தால் குறித்து, பக்கத்தில் அன்றைய மனம்பிட்டி எண்ணையும் எழுதலாம். அடுத்த முறை வானொலியில் எண் வரும்போது பூநகரில் இருப்பவர் தன் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். கட்டில் நடந்தவரின் கொப்பி ஒவ்வொரு பெரும்போக ஆரம்பக் கூட்டத்திலும் வாய்விட்டு வாசிக்கப்பட வேண்டும். போன வருடம் எழுதிய ஈரப்பொட்டு மூடப்பட்டதா, இல்லையென்றால் எந்தத் திகதிக்குள் மூடப்படும் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழுந்து நின்று சொல்ல, அந்தத் திகதி கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும், விதைப்புத் திகதிக்கு முன்னால்.