புஸ்வாணத்தின் நியாயம்

சிவகாசியில் பட்டாசுக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: "வெடி வெடிக்காவிட்டால் கெட்ட சரக்கு, புஸ்வாணம் வெடித்தால் கெட்ட சரக்கு." இந்த எளிய நியாயம் நம் விமர்சகர்களுக்கு ஏனோ எட்டுவதில்லை. புஸ்வாணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வரவில்லையே என்று குறைப்படுகிறார்கள்.

போன பங்குனியில் விருதுநகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பொங்கலுக்குப் 'பவளக்கொடி' நாடகம் வைத்திருந்தார்கள். என்னுடன் வந்த தமிழாசிரியர் பாதியில் எழுந்துவிட்டார். "ஒருத்தன், ஊருக்கு ஒரு பெண்டாட்டி. இதற்கா விடிய விடிய உட்காருவது?" என்று கேட்டுவிட்டுப் போயே போய்விட்டார்.

என் அண்ணன் மகன் சிரித்தான். அவன் செல்போனில் ஜப்பானியச் சித்திரப் படங்கள் பார்க்கிறவன். அதிலும் இப்படி ஒரு வகை உண்டாம். 'ஹாரெம்' என்று பெயர். அசட்டுப் பையன் ஒருவன், அவனைச் சுற்றி ஐந்தாறு பெண்கள். 2000-இல் வந்த 'லவ் ஹீனா' அதில் பேர்போனது. "முடிவு என்ன என்பதற்காக மட்டும் பார்ப்பதில்லை, சித்தப்பா. ஒவ்வொருத்தியும் எப்படி வேறு வேறாக இருக்கிறாள் என்று பார்க்கிறோம்" என்றான். ஆசிரியருக்கு நான் சொல்ல நினைத்த பதிலும் அதுதான்.

வியாசர் அர்ச்சுனனுக்குத் திரௌபதி, சுபத்திரை, உலூபி, சித்திராங்கதை என்று நால்வரைக் கொடுத்தார். தமிழ் ஜனங்களுக்கு அது போதவில்லை. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை', 'பவளக்கொடி மாலை' இரண்டும் பெரிய எழுத்துப் புத்தகங்களாக வீடு வீடாகப் போயின. சங்கரதாஸ் சுவாமிகள் பவளக்கொடியை மேடைக்குக் கொண்டுவந்தார். 1934-இல் கே. சுப்பிரமணியம் அதைப் படமாக எடுத்தபோது, தியாகராஜ பாகவதர் சினிமாவில் கால்வைத்ததே அர்ச்சுனனாகத்தான்.

சீவகன் எட்டுப் பேரை மணக்கும் சிந்தாமணியை 'மணநூல்' என்று பெருமையாகவே சொல்கிறோம். அதே ஆசிரியர் அதை வகுப்பில் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாக நடத்துகிறார். சீவகன் கடைசியில் துறவு பூணுகிறான் என்பார். வாஸ்தவம். துறவை நோக்கிப் போகிற நூலுக்கு அந்த முடிவு வேண்டும். அர்ச்சுனன் கதை அப்படி எந்த வாக்குறுதியும் தரவில்லை.

அது தருகிற வாக்குறுதி வேறு. பெண்கள் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருக்கக் கூடாது. நாயகன் ஒவ்வொருத்தியையும் ஒவ்வொரு விதமாக ஜெயிக்க வேண்டும். ஜெயிக்கும் முன் நன்றாகத் திணறவும் வேண்டும். இந்த அளவில் பார்த்தால் அல்லி பெரிய சிருஷ்டி. மதுரையை ஆள்கிறாள், ஆண் வாடையே ஆகாதவள். அவள் மகன் பவளத்தேர் கேட்டு அழப்போய்த்தான் அர்ச்சுனன் பவளம் தேடிப் புறப்பட்டு, பவளக்கொடியைக் கண்டு, மணந்துகொள்கிறான். அன்றிரவு அல்லி வேஷக்காரி அவனை நிறுத்திக் கேள்வி கேட்டுப் பாடினாள். ராஜபார்ட் பதில் தேடித் தடுமாறினார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பவளக்கொடிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அழகி என்பதற்கு மேல் அவளைப் பற்றி நாடகம் எதுவும் சொல்லவில்லை. அது குறைதான்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அல்லியைப் பேச்சாலோ பராக்கிரமத்தாலோ அர்ச்சுனன் வெல்லவில்லை. கண்ணன் பாம்பாட்டியாகி, அவனைப் பாம்பாக்கி அந்தப்புரத்தில் விடுகிறான். அவள் தூங்கும்போது தாலி ஏறுகிறது. நம் காலத்து ஒழுக்கத்தைக் கொண்டுவந்து கதைமேல் திணிக்கிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். பெண்ணின் மனத்தை வெல்வதுதான் இந்த விளையாட்டு. தூங்குகிறவளிடம் என்ன வெற்றி? புஸ்வாணம் வெடிப்பது இந்த இடத்தில்தான். ஒரு வகையை அதன் சொந்த அளவுகோலால் அளப்பது சலுகை அல்ல. சில சமயம் அதுவே கடுமையான தீர்ப்பாகிவிடுகிறது.

இதை நானாகக் கண்டுபிடித்ததாகப் பெருமை கொள்ள முடியாது. அல்லி அந்தப் பழைய சங்கதியைச் சொல்லிக் காட்டிப் பாடியபோது, எனக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த கிழவி உரக்கக் கேட்டாள்: "தூங்குறவ கழுத்துல கட்டுனா அது தாலியா, சுருக்கா?"

பெண்கள் பக்கம் கலகலத்தது. பபூன் கூட ஒரு நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலமே இடம்பிடித்து, ஒரு பாட்டு விடாமல் ரசித்துக் கேட்டவள் அவள். கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. ஆசிரியர் அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.